பிஸ்கட் டப்பாவும் மரகதம் அம்மையாரின் நோட்டும்

விமான நிலையத்துக்கு வந்திருந்தவர்கள் மூன்று பேர்: என் அத்தை செல்லம்மா, அவருடைய மருமகள் தேவி, அவர்கள் தெருவில் ஆட்டோ ஓட்டும் ஒருவர். வராதவர் அத்தையின் ஒரே மகன் ரவி மச்சான். நான் இலங்கையிலிருந்து கடல் தாண்டி வந்ததே அவருடைய வலது கையைப் பார்க்கத்தான்.

“கைய மறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கான் தம்பி. ஆளுங்க முகத்தப் பாக்கவே வெக்கப்படுறான்” என்றார் அத்தை. அழாமல்தான் சொன்னார். என் பையை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறி, மடியில் வைத்துக்கொண்டார்.

அத்தை கல்யாணமான புதிதில், புருஷன் வீட்டாருக்கு இந்தியாவுக்குப் போகும் தாள் வந்ததால், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கப்பல் ஏறியவர். என் அப்பா தோட்டத்திலேயே தங்கிவிட்டார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பள்ளிக்கூடம் முடித்துப் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். இயற்பியலில் பட்டம். இப்போது தோட்டப் பள்ளியில் தற்காலிக ஆசிரியர். “நீ அந்தக் கதிர்வீச்சு எல்லாம் படிச்சவன்தானே, வந்து ஒரு வார்த்தை பாத்துச் சொல்லு” என்று அத்தை போனில் கேட்டபோது, நான் மருத்துவன் இல்லை என்று விளக்கிப் பார்த்தேன். எங்கள் லயத்தில் இந்த வித்தியாசம் யாருக்கும் பிடிபடாது. அத்தை இருக்கும் எர்ணாவூரிலும் பிடிபடவில்லை.

எனக்கும் சென்னையில் ஒரு சொந்த வேலை இருந்தது. அதை அத்தையிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. மரகதம் அம்மையார் என்ற இயற்பியலாளரைப் பற்றி எங்கள் பிள்ளைகளுக்காக ஒரு சின்னப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தேன். ராயபுரத்தில் பிறந்தவர். ரேடியத்தோடு வேலை செய்கிறவர்கள் உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அளக்க, சட்டையில் குத்திக்கொள்ளும் சிறு ஃபிலிம் பட்டையை இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் முதலில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர். கதிர் பட்டால் ஃபிலிம் கறுக்கும். எவ்வளவு கறுப்போ அவ்வளவு ஆபத்து. நூலகத்தில் ஒரு பழைய இதழில் அவரைப் பற்றி அரைப் பக்கம்தான் கிடைத்தது. மீதியை ராயபுரத்தில் தேடலாம் என்று நினைத்திருந்தேன்.

திருவொற்றியூர் தாண்டியதும் ஆட்டோ நின்றது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக, எஞ்சினை அணைத்துவிட்டு நின்றன. ஒரு டிரைவர் லாரிக்கு அடியில் ஸ்டவ் பற்றவைத்து ரசம் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். ஆட்டோக்காரர் இறங்கிப் போய் அவரிடம் பீடிக்கு நெருப்பு வாங்கிக்கொண்டு வந்தார். “எவ்ளோ நேரமா நிக்கிறீங்கன்னு கேட்டேன். நேத்துலேர்ந்துன்றாரு. நம்மளுது பரவால்ல” என்றார். எங்கள் மலைப் பாதையில் மண் சரிந்தால் ஒரு நாள் முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்திருப்போம். ஆனால் அங்கே ஜன்னலுக்கு வெளியே பச்சையாவது தெரியும். இங்கே மெல்லிய சாம்பல் வந்து முழங்கையில் படிந்தது. துடைத்தால் மை போல இழுத்துக்கொண்டு வந்தது.

வீடு மூன்றாவது மாடியில், ஒரே அறை. ரவி மச்சான் கட்டிலில், வலது கையில் ஒரு துண்டைப் போர்த்தியபடி உட்கார்ந்திருந்தார். “வா மச்சான். டிராபிக்ல மாட்டிகினியா” என்று சிரித்தார். அத்தை ரொட்டியும், மிளகாய் இடித்த கட்டசம்பலும் வைத்தார். எங்கள் வீட்டில் செய்வதை விட அதிக உறைப்பு. “இன்னும் இதெல்லாம் செய்றீங்களா அத்தை” என்று கேட்டேன். “வேற என்னத்த செய்றது, மாவு மலிவு” என்றார். தோட்டத்தைப் பற்றி அவர் கேட்டது ஒன்றுதான்: “அட்டை இன்னும் கடிக்குதா?”

மச்சான் இடது கையால் ரொட்டியைப் பிய்த்தார். சரியாகப் பிய்க்க வரவில்லை. தேவி பேசாமல் அவர் தட்டை இழுத்துப் பிய்த்து வைத்தாள். சாப்பிட்ட பிறகுதான் துண்டை எடுத்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கறுத்து, நகம் கழன்று, ஓரத்தில் சீழ். கட்டைவிரல் நுனி காய்ந்த பேரீச்சம்பழம் போல இருந்தது. படித்திருக்கிறேன். படத்தில் பார்த்திருக்கிறேன். நேரில் அது நாறும் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை.

அவருடைய வேலை வெல்டிங் செய்து பற்றவைத்த குழாய்களைச் சோதிப்பது. எண்ணெய்க் குழாயில் பற்றவைப்பு உள்ளே சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க, அதன் மேல் ஃபிலிம் ஒட்டி, மறுபக்கம் கதிர் வீசும் ஒரு சிறு குண்டைக் கொண்டுவந்து நிறுத்திப் படம் எடுப்பார்கள். அந்தக் குண்டுக்கு இவர்கள் சோர்ஸ் என்பார்கள். அது ஈயப் பெட்டிக்குள் இருக்கும். ஒருவர் கொஞ்சம் தள்ளி நின்று கைப்பிடியைச் சுற்றினால், கம்பி வழியாகக் குழல் முனைக்கு வரும். திரும்பச் சுற்றினால் பெட்டிக்குள் போய்விடும்.

“ஒரு நாள் உள்ள போவல மச்சான். கம்பி மட்டும்தான் போச்சு. சோர்ஸ் குழல் முனையிலயே மாட்டிகினு கீது. எனக்கின்னா தெரியும். முனையைப் பிடிச்சித் தூக்கி அடுத்த ஜாயிண்ட்ல வச்சேன். அப்பால அடுத்தது.”

“கதிர் அளக்குற மீட்டர்ல காட்டலயா?”

“மீட்டர்ல பேட்டரி இல்ல.”

“சட்டையில குத்துற ஃபிலிம் பேட்ஜ்?”

அவர் தேவியைப் பார்த்தார். தேவி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். “அது வேன்ல கீது. பிஸ்கட் டப்பாவுல.”

அப்போதுதான் அந்தப் பழக்கம் எனக்குத் தெரிய வந்தது. குழுவில் ஐந்து பேர். வேலைத்தளத்துக்குப் போனதும் ஐந்து பேரும் பேட்ஜைக் கழற்றி ஒரு தகர பிஸ்கட் டப்பாவில் போட்டு வேனில் வைத்துவிடுவார்கள். பேட்ஜில் கதிர் அளவு ஏறினால் ஆளை மாதக் கணக்கில் உட்கார வைத்துவிடுவார்கள். உட்கார்ந்தால் சம்பளம் இல்லை. அதனால் பேட்ஜ் டப்பாவில் பத்திரமாக இருக்கும், ஆள் வெளியே சோர்ஸோடு இருப்பான். பதினோரு வருடமாக மச்சானின் கணக்கில் ஏறியது ஒன்றுமில்லை. சம்பவம் நடந்த மாதத்திலும் சுழியம்.

விரல் சிவந்தபோது அரசு ஆஸ்பத்திரிக்குப் போனவர், கொதிக்கும் குழாயைத் தொட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். ஐந்து வாரமாகச் சுட்ட புண்ணுக்கான மருந்துதான் போட்டுக்கொண்டிருந்தார்கள். “உண்மையச் சொன்னா டப்பா கதை வெளிய வரும். நாலு பேரு வூட்ல அடுப்பு எரியாது” என்றார். பிறகு, “சரியாப் பூடும்ல?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியும். “டாக்டர்தான் சொல்லணும்” என்றேன்.

மறுநாள் ராயபுரம். மச்சானே போய் வா என்று சொல்லிவிட்டார். கை விஷயமாக அத்தை கம்பெனியில் கேட்டதற்கு வெள்ளிக்கிழமைதான் வரச் சொல்லியிருந்தார்கள். மின்சார ரயிலில் ஏறினேன். கொருக்குப்பேட்டையில் தண்டவாளம் இரண்டாகப் பிரியும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எதிரே மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, “எங்கப்பா போற?” என்று கேட்டார். சொன்னேன். “ராயபுரம் போறது பீச்சு வண்டி. இது சென்ட்ரல் போற வண்டி. இன்னா நைனா நீ, போர்டு படிக்கத் தெரியாதா?” பட்டம் வாங்கியவன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். பேசின் பிரிட்ஜில் இறக்கிவிட்டு, எந்த பஸ் என்றும் அவரே சொன்னார். கூடையைத் தூக்கித் தலையில் வைக்கச் சொல்லி என்னிடம் வேலையும் வாங்கிக்கொண்டார். சட்டையில் அன்று முழுக்க சங்கரா மீன் வாடை.

மரகதம் அம்மையாரின் வீடு ஒரு சந்துக்குள், கீழே ஐஸ் கிடங்காகிவிட்டது. மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் ஐஸ் பாளங்களை இயந்திரத்தில் போட்டு உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் மூன்று தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. கிடங்கின் முதலாளி பெஞ்சமின், அம்மையாரின் தங்கை மகன். எழுபதை நெருங்கியவர், லுங்கியும் ரப்பர் பூட்ஸும்.

“எங்க பெரியம்மாவத் தேடிக்கினா? இத்தினி வருசத்துல இங்க எல்லாரும் ஐஸத் தேடிக்கினுதான் வந்துகிறாங்க” என்றார். பிறகு ஒரு பையனிடம் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். அதுதான் எனக்குக் கிடைத்த மரியாதை.

மாடியில் அவர் சொன்னதை இங்கே சுருக்கி எழுதுகிறேன். அம்மையாரின் அப்பா துறைமுகத்தில் மூட்டை நிறுக்கும் குமாஸ்தா. கல்லூரியில் இயற்பியல் வகுப்பில் ஒரே பெண் என்பதால், அவருடைய நாற்காலியை வகுப்பறைக் கதவுக்கு வெளியே போட்டிருந்தார்களாம். மழை நாட்களில் நனைந்தபடி குறிப்பெடுத்திருக்கிறார். பிறகு கப்பலேறிக் குளிர் தேசம் ஒன்றின் ஆய்வுக்கூடத்துக்குப் போய், திரும்பி வரும்போது கொண்டுவந்தது ஒரு மரப்பெட்டி நிறைய ஃபிலிம் பட்டைகள். புற்றுநோய்க்கு ரேடிய ஊசி வைக்கும் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு நர்ஸுக்கும் ஒரு பட்டை குத்தினார். வாரா வாரம் அவற்றை இந்த வீட்டுச் சமையலறையில் இருட்டாக்கிக் கழுவினார். யாருடைய ஃபிலிம் அதிகம் கறுத்ததோ அவரை அந்த வேலையிலிருந்து மாற்றினார். சம்பளத்தோடு மாற்ற வேண்டும் என்று அதிகாரிகளிடம் சண்டை போட்டு வாங்கினார்.

“கட்டவெரலும் இந்த வெரலும் பூட்ச்சு கடைசில. லெஃப்டு கையில எழுதப் பழகிக்கினாங்க. என்னைப் பக்கத்துல உக்கார வச்சு நானும் அவங்களும் ஒண்ணா அ ஆ எழுதினோம். என் எழுத்துதான் நல்லா கீதுன்னு சொல்வாங்க.”

ஒரு தகரப் பெட்டியிலிருந்து மூன்று நோட்டுகளை எடுத்தார். பத்திரமாக வைத்திருந்தார் என்று சொல்ல முடியாது. ஈரம் ஏறி ஓரம் ஊதியிருந்தது. தேதி, பெயர், ஃபிலிம் எண், அளவு. எல்லாம் ஆங்கிலத்தில், கம்பி இழுத்தது போன்ற கையெழுத்து. நர்ஸுகளின் பெயர்களுக்குக் கீழே கடைசி வரி அவருடையது. அவருக்கு நேரே வாரா வாரம் ஓர் எண். பிறகு ஒரு பக்கத்தில் எண் இல்லை. அந்த இடத்தில் தமிழில் ஒரு சொல்: அணியவில்லை. அடுத்த வாரமும் அணியவில்லை. எண்ணினேன். பதினோரு வாரம்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஊருக்கெல்லாம் பட்டை குத்தியவர் தான் குத்திக்கொள்ளவில்லை. என் புத்தகத்தின் நான்காம் அத்தியாயத்துக்கு, ‘விதியை ஒருநாளும் மீறாதவர்’ என்று தலைப்புப் போட்டிருந்தேன்.

“அப்போ ரெண்டு நர்ஸு பிரசவத்துக்குப் பூட்டாங்க” என்றார் பெஞ்சமின். “ஊசி வைக்க ஆள் இல்ல. பேஷண்டுங்க வராண்டாவுல படுத்துகினு கீறாங்க. பட்டை போட்டா கறுக்கும். கறுத்தா நிறுத்தணும். இவங்கள யாரு நிறுத்துறது, நிறுத்துறவங்களே இவங்கதான?”

“அப்படின்னா ஏன் எழுதி வச்சாங்க? சும்மா ஒரு எண் போட்டிருக்கலாமே.”

“அதான் தம்பி, பொய் எழுத வராது அவங்களுக்கு. ஆனா தமிழ்ல எழுதிட்டாங்க பாரு. பெரிய டாக்டரு வெள்ளைக்காரன். அவனுக்குப் படிக்கத் தெரியாதுல்ல.” அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நோட்டை வெளியே தர மாட்டேன் என்றார். போனில் படம் எடுத்துக்கொண்டேன். கீழே இறங்கும்போது ஐஸ் இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. அந்த வீட்டுச் சுவரில் அவர் பெயர் எங்கேயும் இல்லை.

வியாழக்கிழமை மச்சான் என்னைத் திருவொற்றியூரில் ஒரு டீக்கடைக்குக் கூட்டிப்போனார். பாஸ்கரைப் பார்க்க. குழுவில் கைப்பிடியைச் சுற்றுகிறவர் அவர்தான்; அன்றைக்கும் அவர்தான் சுற்றினார். மச்சானின் பதினைந்து வருடத் தோஸ்து. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னா மாமு, சிலோன்லேர்ந்து சயின்டிஸ்ட்ட இறக்கிக்கினு வந்துகீற.”

“என் மாமா பையன்டா. வாத்தியாரு.”

“வாத்தியாரா, அப்போ உக்கார வச்சு முட்டி போடச் சொல்லுவாரு” என்று சொல்லி எனக்கும் ஒரு டீ சொன்னார். டீயில் சர்க்கரை பாகாக நின்றது. எங்கள் ஊரில் இவ்வளவு மட்டமான தூளில் சாயம் ஏறாது, அதைத் தரையில் பெருக்கி எடுத்த தூள் என்று ஒதுக்கிவிடுவோம். சொல்லவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன்.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். இது சுட்ட புண் இல்லை. கதிர் பட்ட புண்ணுக்கு வைத்தியம் வேறு, வார்டு வேறு. டாக்டரிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். பேட்ஜில் சுழியம் இருப்பதால் ஒன்றும் படவில்லை என்று ஆகாது. அளக்கவே இல்லை என்றுதான் அர்த்தம். போனில் படம் எடுத்திருந்த, ‘அணியவில்லை’ என்று எழுதிய நோட்டுப் பக்கத்தையும் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார்.

“யாரு இந்தம்மா?”

“நீங்க போட்டுக்குற பேட்ஜை இந்தப் பக்கம் கொண்டுவந்தவங்க.”

“ஓ. நம்ம பேஜாருக்கெல்லாம் இவங்கதான் காரணமா.” போனைத் திருப்பித் தந்தார். “தோ பார் வாத்தியாரே. நீ சொல்றது கரெக்ட்டு. ஆனா டப்பான்னு ஒரு வார்த்த வெளிய வந்தா அஞ்சு பேர் வேலைக் கார்டும் கேன்சல். எனக்கு ரெண்டு பொண்ணு. ரவிக்கு விரல்தான போச்சு.”

விரல்தான என்று சொன்னதும் அவரே வாயை மூடிக்கொண்டார். மூவரும் எழுந்தோம். பாஸ்கர் தன் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார்.

எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடை குறைந்தால் அரைப் பேர் என்று எழுதுவார்கள். அன்று பாதி நாள் சம்பளம். எடை ஏற, பெண்கள் முற்றிய இலையையும் சேர்த்துப் பறித்துக் கூடையில் அமுக்குவார்கள். பிடிபட்டால் முழு நாளும் போகும். தராசு தங்களுக்கு எதிராக வைக்கப்பட்டது என்று நினைக்கிறவர்கள் தராசை ஏமாற்றத்தான் பார்ப்பார்கள். அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இங்கே கூடையில் கிடந்தது அவர்கள் கை என்பதுதான் என்னைத் தூங்க விடவில்லை.

வெள்ளிக்கிழமை கம்பெனி அலுவலகம். ஒரு இரும்புக் கடையின் மாடி. சுவரில் ஒரு போஸ்டர்: நேரத்தைக் குறை, தூரத்தைக் கூட்டு, கையால் தொடாதே. நர்ஸுகளின் அறையில் மரகதம் அம்மையார் இது போலத்தான் எழுதி ஒட்டியிருந்ததாக பெஞ்சமின் சொல்லியிருந்தார். போஸ்டரின் கீழ்ப்பாதியை ஏ.சி. பெட்டி மறைத்திருந்தது.

கம்பெனியின் கதிர்ப் பாதுகாப்பு அதிகாரிக்கு என் வயதுதான் இருக்கும். மரியாதையாகப் பேசினார். அத்தைக்கு அவரே நாற்காலி போட்டார். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். “ரவிச்சந்திரன், அந்த மாசம் ஜீரோ. அதுக்கு முந்தின மாசம் ஜீரோ. நான் என்ன பண்றது சொல்லுங்க. இது எங்க சோர்ஸால வந்ததுன்னு நான் எப்படி எழுதுறது?”

“ஜீரோ இல்ல சார். அளக்கல” என்றேன்.

“நீங்க யாரு?”

“மாமா பையன். இயற்பியல் படிச்சிருக்கேன்.”

அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். “அளக்கலன்னா, பேட்ஜ் போடலன்னு ஒத்துக்கிறீங்க. அதை எழுதிக் குடுங்க. அன்னிக்கு இவர் சோர்ஸ் வேலையில இருந்தார்னு நான் லெட்டர் தர்றேன். அந்த லெட்டர் இருந்தாத்தான் ஆஸ்பத்திரில அந்த வார்டுல சேர்ப்பாங்க. ஆனா எழுதிக் குடுத்தா அது விதிமீறல். வேலை போகும், நஷ்ட ஈடு கிடையாது. நான் மறைச்சு வச்சுப் பேச விரும்பல.”

நான் இதை எதிர்பார்க்கவில்லை. இரண்டு நாளாக நான் பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை அவர் எடுத்து மச்சானின் முன்னால் வைத்துவிட்டார். “யோசிச்சுச் சொல்றோம்” என்றேன். மச்சான் இடது கையை நீட்டிப் பேப்பர் கேட்டார்.

“டேய், வீட்டுக்குப் போய்ப் பேசலாம்டா” என்றார் அத்தை.

“இன்னாத்தப் பேசறது. கை நாறுதும்மா.”

இடது கையால் எழுதினார். இரண்டு வரி எழுத வெகு நேரம் ஆனது. ‘அன்றைக்கு நான் பேட்ஜ் அணியவில்லை’ என்று மட்டும். அதில் பிஸ்கட் டப்பா இல்லை, வேன் இல்லை, மற்ற நான்கு பேர் இல்லை. அதிகாரி படித்துவிட்டு, “மத்தவங்க?” என்று கேட்டார். “மத்தவங்களப் பத்தி எனக்குத் தெரியாது சார்” என்றார் மச்சான். படியிறங்கும்போது அத்தை என்னைப் பார்த்த பார்வையை நான் யாருக்கும் விவரிக்க மாட்டேன்.

சனிக்கிழமை அந்தக் கடிதத்தோடு ஆஸ்பத்திரி. வெளியே அத்தோ விற்கிற வண்டிகள். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். தேவி வாங்கி வந்தாள். வாழைத்தண்டுச் சூப்போடு நன்றாகத்தான் இருந்தது. வரிசையில் நின்றபடி சாப்பிட்டோம். பக்கத்தில் நின்ற ஒருவர், “இது கைக்கு வந்த வார்டா, காலுக்கு வந்த வார்டா?” என்று எங்களிடம் கேட்டார். எங்களுக்கும் தெரியவில்லை. மூன்று மணிநேரம் கழித்துக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் அம்மா முந்தின சீட்டைப் படித்தார், இந்தக் கடிதத்தைப் படித்தார், கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கத்தவில்லை. “சுட்ட புண்ணு மேலேர்ந்து ஆறும். இது உள்ளேர்ந்து சாகுது. அஞ்சு வாரம் போயிடுச்சே” என்றார். இன்றே வார்டில் சேர வேண்டும், திங்கட்கிழமை வெட்ட வேண்டும். ஆனால் எங்கே வெட்டுவது? செத்த இடம் மேலே தெரிவதை விட உள்ளே அதிகம் போயிருக்கும். எவ்வளவு நேரம் பிடித்திருந்தார் என்று தெரிந்தால் கணக்குப் போட்டு, விட்டுவைக்கக் கூடியதை விட்டுவைக்கலாம். தெரியாவிட்டால் பத்திரத்துக்காக உள்ளங்கையோடு எடுக்க வேண்டி வரலாம்.

“எவ்வளவு நேரம் பிடிச்சீங்க?”

“தெர்ல மேடம். வேலை செய்யறப்போ யாரு டைம் பார்க்கிறது.”

யார் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும், மச்சானுக்கும் தெரியும். கைப்பிடி சுற்றுகிறவர்தான் ஸ்டாப் வாட்ச் வைத்திருப்பார். எந்தப் படத்துக்கு எவ்வளவு நேரம், நடுவில் இடம் மாற்ற எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொள்வது அவருடைய வேலை. மச்சான் பெயரைச் சொல்லவில்லை. வெளியே வந்ததும் நான் போனை எடுத்தேன். “வேணாம் மச்சான். அவன் பேர இழுத்தா அவனும் போவான்” என்று இடது கையால் போனைப் பிடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நான் மனத்துக்குள் இருபது தடவை பாஸ்கரின் எண்ணை அழுத்திப் பார்த்தேன். மரகதம் அம்மையாரின் புத்தகத்துக்கு ஒரு வரி எழுதலாம் என்று வார்டு வராண்டாவில் உட்கார்ந்தேன். வரவில்லை. அவருடைய பட்டை இன்றும் ஆயிரக்கணக்கான சட்டைகளில் இருக்கிறது என்று எழுதியிருந்த முதல் பக்கத்தை அடித்தேன். சட்டையில் இல்லை என்பது இப்போது எனக்குத் தெரியும். அவர் சண்டை போட்டு வாங்கிய மற்றொன்று, கறுத்த ஃபிலிமுக்காக ஆளைச் சம்பளத்தோடு மாற்றும் அந்த ஏற்பாடு, எந்த இடத்தில் உதிர்ந்து போனது என்று எனக்குத் தெரியவில்லை. பட்டையை வைத்துக்கொண்டார்கள், சம்பளத்தை விட்டுவிட்டார்கள். பட்டை மட்டும் மிஞ்சினால் அது டப்பாவுக்குத்தான் போகும்.

மாலை ஐந்து மணிக்கு பாஸ்கர் வந்தார். நான் கூப்பிடவில்லை. தேவி கூப்பிட்டிருக்கிறாள். கையில் ஒரு அழுக்குப் பாக்கெட் நோட்டு.

“எங்க அந்த டாக்டரு?” என்று என்னைக் கேட்டார். கட்டிலில் இருந்த மச்சானை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“இன்னாத்துக்குடா வந்த நீ, பூடு” என்றார் மச்சான்.

“நீ மூடு. கலீஜா நாறுற, பேசுறான்.”

சம்பவத்தன்று நான்கு இடம். முதல் இடத்திலிருந்து இரண்டாவதுக்கு மாற்ற நாற்பது விநாடி, அடுத்தது முப்பத்தைந்து, அடுத்தது ஐம்பது. பேனாவால் எழுதி, நேரத்துக்குப் பக்கத்தில் டிக் போட்டிருந்தார். டாக்டர் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இதைக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், சோர்ஸ் வெளியே மாட்டிக்கொண்டதும் மீட்டர் வேலை செய்யாததும் உட்பட, கேஸ் தாளில் சேரும், கம்பெனிக்கும் போகும் என்றார். பாஸ்கர் நோட்டின் ஓரத்தைக் கொஞ்ச நேரம் கிழித்துக்கொண்டிருந்தார்.

“பேட்ஜ் எங்க இருந்துதுன்னும் எழுதணுமா?”

“எழுதினா நல்லது.”

எழுதினார். எழுதிய பிறகு மச்சானின் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். “அம்பது செகண்டு எதுக்குடா எடுத்த? அந்த எடத்துல இன்னா பண்ணிகினு இருந்த?” என்று கேட்டார்.

“செருப்பு வார் அறுந்துச்சு. ஒரு கையில முனையப் பிடிச்சிகினு மாட்டினேன்.”

“த்தூ” என்றார் பாஸ்கர். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை உள்ளே கொண்டுபோனார்கள். அத்தை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து என் பயணப் பையின் பட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். “நீ வராம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்?” என்று கேட்டார். குற்றமாகக் கேட்டாரா, நன்றியாகக் கேட்டாரா என்று தெரியவில்லை. “தெரியல அத்தை” என்றேன். உண்மையான பதில் அதுதான்.

பகல் ஒன்றரை மணிக்கு டாக்டர் அம்மா வெளியே வந்தார். உள்ளங்கையை எடுக்கவில்லை. பாஸ்கருக்குக் கம்பெனியிலிருந்து ஏற்கெனவே போன் வந்திருந்தது. மற்ற மூன்று பேருக்கு அதுவரை வரவில்லை. ஆஸ்பத்திரி தந்த தாளில் எழுதியிருந்ததை அத்தைக்கு நான்தான் படித்துச் சொன்னேன். வலது கை ஆள்காட்டி விரல் முழுதாக மூன்று கணு. நடுவிரலில் இரண்டு. கட்டைவிரலில் ஒன்று. தாளில் எழுதாததையும் சேர்த்தால், மச்சானின் பதினோரு வருட வேலை, பாஸ்கரின் ஒன்பது வருட வேலை. மொத்தம் ஆறு கணு, இரண்டு வேலை.